பழுக்காமல் கறுத்தது

ஆல்டர் கிரீக், கலிஃபோர்னியா
20 ஜனவரி 2018

அன்புள்ள தங்கை ரெமேவுக்கு,

எலோய் எழுதுகிறேன். இந்த வருஷப் பனியில் மரங்கள் எப்படியோ பிழைத்துக்கொண்டன, நானும் அப்படியே. உன் தலைவலி விட்டதா? ஃபெர்மினின் இடுப்பு ஆபரேஷனுக்கு டாக்டர் தேதி கொடுத்துவிட்டாரா? மாப்பிள்ளை நொண்டிக்கொண்டே சீட்டாடப் போவதாகக் கேள்வி. போகட்டும், தடுக்காதே.

உன் பெயரின் முதல் எழுத்துக்கு நீ போடும் வால் இன்னும் கீழ் வரியை இடிக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதற்காக எத்தனை அடி வாங்கினாய், இன்னும் திருந்தவில்லை. உன் கடிதத்தை உறையிலிருந்து எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது அந்த வாலைத்தான்.

டெலிபோனில் பேசிவிடலாமேப்பா என்று டானி சொல்லிக்கொண்டே இருக்கிறான். அவனுக்கென்ன, மரத்தை உலுக்கும் இயந்திரத்தோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய காது என்னுடையது. இடது காது அடியோடு போச்சு. மெஷின் மாட்டினாலும் உன் குரல் டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுவதுபோல்தான் கேட்கிறது. கடிதத்தில்தான் நீ நீயாகப் பேசுகிறாய்.

விஷயத்துக்கு வருகிறேன். டானிக்குக் கல்யாணம். பெண் பெயர் லூப்பே. மெக்ஸிகோவிலிருந்து பறிப்பு வேலைக்கு வந்தவர்களின் மகள், இப்போது பள்ளிக்கூடத்தில் டீச்சர். நல்ல வாயாடி. முதல் நாளே என்னிடம், "மாமா, உங்க ஸ்பானிஷ் ரொம்பப் பழசாயிருக்கே, கொஞ்சம் தூசி தட்டணும்" என்றாள். அப்போதே எனக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த வருஷம் மே மாதம், ஆலிவ் பூக்கும்போது வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

நம் ஊரில் மாப்பிள்ளையைக் கோயிலுக்குள் கைபிடித்து அழைத்துப் போவது அவன் அம்மா. இங்கே அந்த வழக்கமெல்லாம் கிடையாது, பையன் தனியாகப் போய் நின்றுகொள்வான். ஆனால் டானிதான் கேட்கிறான், "அத்தை வந்து என்னைக் கூட்டிட்டுப் போவாங்களாப்பா?" என்று. அவன் அம்மா கேரல் இல்லாத இடத்தில் உன்னைத் தவிர யாரையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் இங்கே வந்து நாற்பது வருஷம் ஆகிறது, ஒரு தடவைகூட நீ இந்த வாசலை மிதித்ததில்லை. கேரலை அடக்கம் செய்தபோது உன்னைக் கூப்பிட எனக்குத் தெம்பில்லை. இதற்காவது வா, ரெமே.

தோட்டத்தில் வழக்கமான வேலைதான். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

உன் அண்ணன்,
எலோய்


ஃபுவென்தே அல்பா
18 பிப்ரவரி 2018

அன்புள்ள அண்ணனுக்கு,

ரெமே எழுதுவது. தலைவலி போயே போச்சு. உன் கடிதம்தான் மாத்திரை என்கிறார் ஃபெர்மின். அவருக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் ராஜா மாதிரி படுத்திருந்தார். நாங்கள் காசு கொடுத்தது கீழே இருந்த காபிக் கடைக்கு மட்டும்தான். அதற்கே, "காபி விலையைப் பாரு, கொள்ளையடிக்கிறான்" என்று நர்சுகளிடமெல்லாம் புலம்பினார்.

வருகிறேன், அண்ணா. இதைக் கேட்கவும் வேண்டுமா? டானியின் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் நடப்பேன். அம்மாவின் கறுப்பு லேஸ் முக்காட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். ஓரத்தில் பூச்சி அரித்திருக்கிறது. மே மாதம் வர ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறதே, தைத்துவிடுவேன். லூப்பேயிடம் சொல், என் ஸ்பானிஷிலும் தூசிதான், ஆனால் அது இந்த ஊர்த் தூசி.

இப்போது ஒரு வேடிக்கை கேள். போன வாரம் ஊரே இழவு வீடு மாதிரி கிடந்தது. அமெரிக்கா நம் ஸ்பானிஷ் கறுப்பு ஆலிவுக்கு வரி போடுகிறதாம், நூற்றுக்கு முப்பதுக்கும் மேலே போகுமாம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். எங்கள் ஆலையின் கறுப்புப் பிரிவு உங்கள் நாட்டை நம்பித்தான் ஓடுகிறது. உங்கள் ஆட்கள் பிட்ஸாவின்மேல் தூவாவிட்டால் இங்கே நாற்பது பெண்களுக்கு அடுப்பு எரியாது. அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள் நான். எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள், நான் யார் முகத்தைப் பார்ப்பது?

மேனேஜர் அன்செல்மோ செவியா நகரத்துக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து அமெரிக்காவிலிருந்து ஒரு தாள் வந்தது. ஆபீஸ் பெண் அதைக் கைபேசியில் மொழிபெயர்த்து வாசித்தாள். அண்ணா, அதில் கறுப்பு என்ற சொல்லே இல்லை! வரி "பழுத்த ஆலிவு"க்காம்! என்னோடு வேலை செய்கிற சோலே கையிலிருந்த சல்லடையைக் கீழே போட்டுவிட்டு, "அடிப்பாவிகளா, நம்ம சரக்கு என்னைக்குடி பழுத்துச்சு?" என்று கத்தினாள். அப்புறம் சிரித்தோம் பார், தொட்டியெல்லாம் அதிர்ந்தது. செப்டம்பரில் பச்சைக் காயாகப் பறித்து, சோடாக்காரம் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு, காற்றை ஊதி ஊதி நாங்கள் கறுப்பாக்குவது உனக்குத் தெரியாததா? மரத்தில் பழுத்ததெல்லாம் எண்ணெய்க்குப் போகிறது. ஆகவே வரி எண்ணெய்க்காரர்களைச் சேர்ந்தது, எங்களுக்கில்லை. பேப்பர்காரனுக்கு மரமும் தெரியாது, காயும் தெரியாது. அன்று சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து ஒயின் வாங்கிக் குடித்தோம். நான் இரண்டு தம்ளர் குடித்தேன், அம்மா இருந்தால் கொன்றிருப்பாள்.

எதற்கும் அங்கே விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு ஒரு வரி எழுது. நீயும் ஆலிவ்தானே வளர்க்கிறாய், உனக்குத் தெரியாமல் இருக்குமா?

காதுக்குள் ஈரம் போகாமல் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
ரெமே


ஆல்டர் கிரீக்
2 மே 2018

அன்புள்ள ரெமேவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, திட்டாதே. ஃபெர்மின் இப்போது கோலில்லாமல் நடக்கிறானா? நீ சரியாகத் தூங்குகிறாயா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அசதிதான்.

மரங்களில் மொட்டு வைத்திருக்கிறது. கேரலின் அப்பா வைத்த பழைய வரிசைதான் இந்தத் தடவையும் முந்திக்கொண்டது. கேரல் இருந்தால் முதல் மொட்டைக் கிள்ளிக்கொண்டு வந்து என் காபித் தட்டில் வைப்பாள். இப்போது யாரும் வைப்பதில்லை. நானே எடுத்து வைத்துக்கொண்டால் நன்றாகவா இருக்கும்?

லூப்பே ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சமைக்கிறாள். போன வாரம் சாப்பிடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, ஆலிவ் கொட்டைய ஏன் சட்டைப் பையில போடுறீங்க? தட்டு இருக்குல்ல?" என்றாள். எனக்கே தெரியவில்லை, ரெமே, நான் இன்னும் அப்படிச் செய்வது. அப்பாவின் கதையைச் சொன்னேன். பண்ணை முற்றத்தில் உப்புப் பீப்பாயிலிருந்து ஒரு காயை எடுத்து வாயில் போட்டால்கூடக் கூலியில் பிடிப்பார்கள் என்றும், கொட்டை தரையில் கிடந்தால் மாட்டிக்கொள்வார் என்று சட்டைப் பையில் போட்டுக்கொள்வார் என்றும், சனிக்கிழமை துணி வெளுக்கும்போது அம்மா அந்தக் கொட்டைகளைப் பொறுக்கி அவர் தலையிலேயே எறிவாள் என்றும். லூப்பே சிரிக்கவில்லை. அவள் தாத்தாவும் அப்படித்தானாம்.

இந்த மாதக் கடைசியில் இரண்டொரு நாள் வெளியூர்ப் பயணம் இருக்கிறது. டை கட்டிக்கொண்டு போக வேண்டுமாம். டானி தன்னுடையதைத் தருகிறேன் என்கிறான். கேரலின் அடக்கத்துக்குப் பிறகு நான் டை கட்டவே இல்லை.

முக்காடு தைத்தாயிற்றா? கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

எலோய்


ஃபுவென்தே அல்பா
9 ஜூன் 2018

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். ஃபெர்மின் கோலைத் தூக்கிப் போட்டுவிட்டார், அதை வைத்து இப்போது பூனையை விரட்டுகிறார்.

பிப்ரவரியில் உனக்குக் கடிதத்தைப் போட்ட மறுநாளே அன்செல்மோ வந்து எங்கள் வாயை அடைத்துவிட்டார். உங்கள் நாட்டில் எங்கள் கறுப்புக்குப் பெயரே "பழுத்தது"தானாம். டப்பாவின்மேலேயே அப்படித்தான் போட்டு விற்பார்களாம். பழுக்காமல் பறித்து, தொட்டியில் கறுப்பாக்கி, பழுத்தது என்று பெயர் வைத்தால் நாங்கள் எப்படியப்பா கண்டுபிடிப்பது? "ஒயினை எங்கடி கொண்டு போய்த் திருப்பிக் குடுக்குறது?" என்று சோலே கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

நாற்பது வருஷமாக அந்த நாட்டில் இருக்கிறாய். இந்தச் சொல் உனக்குத் தெரிந்திருக்கும். அண்ணன் எழுதுவான், "அடி அசடே, அப்படியில்லை" என்று ஒரு வரியாவது எழுதுவான் என்று காத்திருந்தேன். உன் கடிதம் வந்தது. மொட்டு வைத்ததைச் சொல்லியிருந்தாய்.

அன்செல்மோ போன மாதம் வாஷிங்டனுக்குப் போய்விட்டு வந்தார். அங்கே விசாரணை நடந்தது. உங்கள் ஊர் விவசாயிகள் ஒரு பக்கம், எங்கள் ஆட்கள் ஒரு பக்கம். திரும்பி வந்ததும் எங்களையெல்லாம் கூட்டி வைத்துக் கதை சொன்னார். மேஜைமேல் எங்கள் டப்பாவையும் அவர்கள் டப்பாவையும் உடைத்துத் தட்டில் கொட்டி வைத்திருந்தார்களாம். "எதிர்ப் பக்கத்துல ஒரு பெரியவர். பேரு என்னமோ சொன்னாங்க, காதுல மாட்டிவிட்ட மொழிபெயர்ப்புக் குழாய்ல எனக்குச் சரியா விழல. 'இந்த வரி இல்லன்னா என் மரமெல்லாம் போயிடும்'னு நல்லா அழுத்திச் சொன்னாரு. சொல்லிட்டு உக்காந்து, தட்டுல இருந்த நம்ம சரக்க எடுத்து ஒண்ணொண்ணா வாயில போட்டுக்கிட்டே இருக்காருங்க! அதுகூடப் பரவால்ல. கொட்டைய எடுத்து எடுத்து கோட்டுல இடது பக்கப் பையில போட்டுக்கிறாரு. டை கட்டிக்கிட்டு ஒரு மனுஷன் இப்படிச் செய்வானா?" என்று நடித்தே காட்டினார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் கொஞ்ச நேரம் சிரித்தேன்.

உன் வெளியூர்ப் பயணம் நல்லபடியாக முடிந்ததா? டை கழுத்தை அறுக்கவில்லையே?

ரெமே


ஆல்டர் கிரீக்
25 ஜூன் 2018

ரெமே,

நீ நலமா என்று கேட்க எனக்கு இன்று வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அன்செல்மோ சொன்னதில் ஒரே ஒரு தப்பு. இடது பக்கம் இல்லை, வலது பக்கப் பை. இடது பையில் காது மெஷினின் பெட்டி இருந்தது.

பழுத்தது என்ற சொல் எனக்குத் தெரியும். உன் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். சோலே சல்லடையைப் போட்டுவிட்டுக் கத்தியதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். உங்களை நினைத்துக்கொண்டேன், தொட்டி அதிரச் சிரிக்கும் நாற்பது பெண்களை. அதற்குப் பிறகு பேனா ஓடவில்லை.

ஃபெர்மினின் இடுப்புக்குக் காபிக் காசு மட்டும்தான் செலவு என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கேரல் இரண்டு வருஷம் படுத்திருந்தாள். காப்பீட்டுக் கம்பெனி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னது. இந்த மருந்துக்குத் தருவோம், அதற்குத் தர மாட்டோம் என்றது. தோட்டத்தை வங்கியில் வைத்தேன். கேரலுக்குத் தெரியாது. அவள் அப்பா வைத்த மரங்களை அவளுக்காகவே அடகு வைத்தேன், அவளும் போய்விட்டாள், மரங்கள் மட்டும் வங்கியில் இருக்கின்றன. உங்கள் சரக்கு இங்கே வந்து இறங்கும் விலைக்கு என்னால் பறிப்புக் கூலிகூடக் கொடுக்க முடியாது. ஐரோப்பாவில் அரசாங்கம் விவசாயியைத் தாங்குகிறது, ஆஸ்பத்திரியையும் தாங்குகிறது, இங்கே நான்தான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும் என்று அங்கே சொன்னேன். வெளிநாட்டுச் சரக்கால் நஷ்டப்பட்டாயா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அது பொய் இல்லை. யார் கை பட்ட சரக்கு என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தட்டில் இருந்தது உன் ஆலையின் டப்பா. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை.

எலோய்


ஆல்டர் கிரீக்
16 செப்டம்பர் 2018

அன்புள்ள ரெமேவுக்கு,

ஜூனில் எழுதியது வந்து சேர்ந்திருக்கும். நீங்கள் இருவரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

ஜூலையில் முடிவு எங்கள் பக்கம் ஆனது உனக்குத் தெரிந்திருக்கும். எங்கள் காயை வாங்கும் டப்பா ஆலையில் எங்களுக்கெல்லாம் கேக் வெட்டினார்கள். எனக்குச் சர்க்கரை ஆகாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்குச் சர்க்கரை வியாதி இல்லை.

பறிப்பு தொடங்கிவிட்டது. காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. டானி உன்னைக் கேட்கிறான். வருவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எலோய்


ஃபுவென்தே அல்பா
14 அக்டோபர் 2018

மச்சானுக்கு,

ஃபெர்மின் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் உன் தங்கைக்கு எழுதியதற்கு அப்புறம் நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை, அதனால் தப்பிருந்தால் பொறுத்துக்கொள். இடுப்பு நன்றாக இருக்கிறது. சீட்டில் தோற்கும்போது மட்டும் வலிக்கிறது.

கோடை முடிந்ததும் கறுப்புப் பிரிவை நிறுத்திவிட்டார்கள். பெண்கள் எல்லோரும் வீட்டில். அரசாங்கம் வேலையில்லாத நாளைக்குப் படி கொடுக்கிறது, பட்டினி இல்லை. ஆனால் ரெமே வீட்டில் இருப்பது என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது, மச்சான். எல்லா அலமாரியையும் கழுவிவிட்டாள், இனி என்னைத்தான் கழுவ வேண்டும். ரொட்டி கேட்டால், "போய் அந்தக் கலிஃபோர்னியாக்காரர்கிட்ட கேளுங்க, அவருக்குத்தான் இப்ப வாழ்வு" என்கிறாள்.

ஐரோப்பா எங்களுக்குச் சும்மா பணம் கொடுக்கிறது என்று அங்கே அந்தப் பெரியவர் சொன்னதாக அன்செல்மோ சொன்னார், அது நீ என்று அவருக்குத் தெரியாது. எனக்கு வருவது நிஜம்தான், மறைப்பானேன்? அதில் டிராக்டருக்கு டயர் மாற்றினேன். என் டயரால் உன் மரத்துக்கு என்ன கேடு வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அங்கே படித்தவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு விளங்கியிருக்கும்.

அவள் கோபம் வரிமேல் இல்லை, மச்சான். ஒருநாள் வாணலியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "கேட்டிருந்தா, போய்ப் பேசுண்ணான்னு நானே சொல்லிருப்பேனே. அண்ணி மரமாச்சே." என்னிடம் சொல்லவில்லை, வாணலியிடம் சொன்னாள். உன் கடிதங்களைக் குளியலறையில் வைத்துப் படிக்கிறாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்கிறாள், எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

முக்காட்டை மடித்துப் பரண்மேல் போட்டுவிட்டாள். நான் எழுதியது தெரிந்தால் என் கதி அதோகதி. நீ எழுதிக்கொண்டே இரு.

ஃபெர்மின்


ஃபுவென்தே அல்பா
7 ஜனவரி 2019

அண்ணனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நேற்று மூன்று ராஜாக்கள் பண்டிகை. ஃபெர்மின் பண்டிகைக் கேக்குக்குள் ஒளித்துவைக்கும் பொம்மையைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டார். அவர் உனக்கு எழுதியது எனக்குத் தெரியும். தபால்தலை வாங்கத் தெரியாமல் என் பர்ஸிலிருந்துதான் எடுத்திருக்கிறார்.

எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்ததாக நடிக்கவும் வராது. எனக்கு எதிர்ப் பக்கம் நீ உட்கார்ந்தது வலித்தது, ஆனால் அதை ஒரு மாதத்தில் விழுங்கிவிட்டேன். அண்ணி பட்ட பாட்டை நீ எழுதிய பிறகு அதைப் பேச எனக்கு நாக்கு எழாது. மற்றதைத்தான் விழுங்க முடியவில்லை. ஒரு அசட்டுப் பெண்பிள்ளை தன் வேலை பிழைத்துவிட்டது என்று குதித்துக்கொண்டு உனக்கு எழுதுகிறாள். நீ அதை வாசித்துவிட்டு, மடித்து வைத்துவிட்டு, டை தேடிக்கொண்டிருந்தாய். சின்ன வயதில் நான் கிணற்றுப் பக்கம் போனால் அத்தனை பேர் நடுவிலும் கத்திக் கூப்பிடுவாயே, அந்த அண்ணன் எங்கே போனான்?

டானியின் கையைப் பிடிக்க வேறு ஆளைப் பார். லூப்பேயின் அம்மா வரட்டும். பையன்மேல் எனக்கு ஒன்றுமில்லை. அவனிடம் அத்தைக்கு முழங்கால் வலி என்று சொல்.

மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கறுப்புப் பிரிவு இல்லை, அது போனது போனதுதான். இப்போது பச்சைக் காயை அப்படியே உப்புத்தண்ணீரில் போட்டு நீலப் பீப்பாய்களில் அடைத்து வெளியே அனுப்புகிறோம். எந்தத் தேசத்துக்கு என்றெல்லாம் கேட்காதே. நாங்கள் மூடி போடுகிறோம், லாரி எடுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்கிறார் அன்செல்மோ. நாங்கள் கேட்கவில்லை, பழையபடி அவரவர் பெயரின் முதல் எழுத்தை மெழுகுக் கட்டியால் மூடியில் போட்டுத்தான் அனுப்புகிறோம்.

குளிர்காலம் முழுக்கக் காதில் பஞ்சு வை.

ரெமே


ஆல்டர் கிரீக்
12 மார்ச் 2019

அன்புள்ள ரெமேவுக்கு,

பஞ்சு வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்குப் பல் கட்டியாயிற்றா? அதற்கும் உங்கள் அரசாங்கம் காசு கொடுக்குமா, இல்லை அது மட்டும் எங்கள் ஊர் மாதிரியா?

நீ எழுதியதெல்லாம் நியாயம். நான் பதில் தேடவில்லை. கிணற்றடியில் உன்னைக் கத்திக் கூப்பிட்டவன் இங்கேதான் இருக்கிறான். இந்த ஒரு தடவை வாய் திறக்கவில்லை, அது காலத்துக்கும் எனக்குள் கிடக்கும்.

இனி ஒரு வேடிக்கை கேள், இது என் முறை. போன வாரம் டப்பா ஆலையிலிருந்து ஒரு பையன் வந்தான். டானி வயதுதான் இருக்கும். மரியாதையாகக் கை கொடுத்துவிட்டு, "இந்த வருஷம் உங்க காய் எங்களுக்கு வேண்டாம், சார். மன்னிச்சுக்கோங்க" என்றான். எனக்கு மட்டும் இல்லை, இந்தப் பக்கத்தில் பாதித் தோட்டங்களுக்கும் இதே கதைதான். வெளிநாட்டிலிருந்து பச்சையாகப் பீப்பாயில் கொண்டுவருகிறார்களாம். அதற்கு வரி எங்கே என்று கேட்டேன். "அது இன்னும் பழுக்கலையே, சார்" என்றான்! இங்கே கொண்டுவந்து, இங்கே தொட்டியில் போட்டு, இங்கே காற்று ஊதிப் பழுக்கவைத்துக்கொள்வார்களாம். நான் டை கட்டிக்கொண்டு போய் வாங்கிவந்த வரி உன் பிரிவை மூடியது, என் மரத்தையும் காப்பாற்றவில்லை. சோலேயிடம் சொல், அவள் சொன்னதுதான் சரி என்று. வரி பழுத்ததற்குத்தான்.

கூடைகளைத் திருப்பிக் கொடுக்க ஆலைக்குப் போனேன். முற்றம் முழுக்க நீலப் பீப்பாய்கள். சும்மா அவற்றுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன். ஒரு மூடியில் கையை வைத்தேன், கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. அங்கே வேலை செய்கிற ஆள், "மாரடைப்பா, பெரியவரே?" என்று ஓடிவந்தான். இல்லையப்பா, தெரிந்தவர்கள் என்றேன்.

வால் கொஞ்சம் சின்னதாகியிருக்கிறது, ரெமே. கை வலிக்கிறதா?

மரங்களைப் பிடுங்கிவிட்டுப் பாதாம் வைக்கச் சொல்கிறார்கள் வங்கியில். ஏப்ரல் கடைசியில் இயந்திரம் வருகிறது. கேரலிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். டானிக்கு வேறு யாரையும் நான் பார்க்கவில்லை. யாரும் வராவிட்டால் தனியாக நடந்துகொள்கிறேன் என்கிறான்.

உன் அண்ணன்,
எலோய்


ஃபுவென்தே அல்பா
31 மார்ச் 2019

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குக் கை வலி இல்லை, கால் வலி இல்லை. முழங்கால் என்று எழுதியது பொய். ஃபெர்மின் பல் கட்டிக்கொண்டார், முழுக்கச் சொந்தக் காசு. அதனால் இப்போது கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

எந்தத் தேசத்துக்கு என்று கேட்காதே என்று உனக்கு எழுதினேன் அல்லவா? எழுதும்போதே எனக்குத் தெரியும். முதல் நாளே ஸ்டிக்கரில் பார்த்தேன், ஆல்டர் கிரீக். உன் உறைகளில் நான் எத்தனை வருஷமாகப் பார்க்கும் பெயர். சோலேயும் பார்த்துவிட்டாள். "ஏய், இது உங்க அண்ணன் ஊருல்ல?" என்றாள். "அமெரிக்கா பெரிய தேசம்டி, ஒரே பேர்ல நாலு ஊர் இருக்கும்" என்றேன். உன் ஆலை உன் காயை எடுக்காமல் என் காயை எடுக்கப்போகிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தெரிந்துதான் மூடினேன், அண்ணா. நாற்பது பேருக்கு வேலை திரும்பியிருக்கிறது, நான் என்ன செய்வேன்? டானியின் டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டபோது உனக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்தும் உனக்குக் கோபமாகவே ஒரு கடிதம் எழுதினேன் பார், அது இன்னும் கேவலம்.

வால் ஏன் சின்னதாயிற்று என்று கேட்டாய். அந்தப் பீப்பாய்களில் என் பெயரைப் பெரிதாகப் போட மனசு வரவில்லை.

உன் கடிதத்தை இந்தத் தடவை குளியலறையில் படிக்கவில்லை, சமையலறையிலேயே சத்தமாகப் படித்தேன். ஃபெர்மின் முழுக்கக் கேட்டுவிட்டு, "அண்ணனும் தங்கச்சியும் இந்த வயசுக்கும் பழுக்கல. சும்மா தொட்டியில கிடந்து கறுத்துருக்கீங்க" என்றார். உடனே பரண்மேல் ஏறினார். நான் கேட்கவே இல்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரே ஏறி முக்காட்டை எடுத்து வந்தார். வெயிலில் போட்டிருக்கிறேன்.

டானியிடம் சொல், தனியாக நடக்க வேண்டாம். மே முதல் வாரம் வந்து இறங்குகிறோம். அந்த இயந்திரக்காரரிடமும் சொல், நான் வந்து போகும்வரை ஒரு கிளையைத் தொடக்கூடாது. அண்ணியின் மரங்களை நான் பார்த்ததே இல்லை. பூத்திருக்கும்போது ஒரு தடவை பார்க்க வேண்டும். முதல் பூவை உன் காபித் தட்டில் நான் வைக்கிறேன். அப்புறம் அவர்கள் வந்து பிடுங்கட்டும், உன் பக்கத்தில் நான் நிற்கிறேன்.

விருந்தில் ஆலிவ் வை. எந்த நாட்டுச் சரக்கு, யார் கறுப்பாக்கியது என்று நான் கேட்க மாட்டேன். வாஷிங்டனுக்குப் போட்டுக்கொண்டு போன அதே கோட்டைப் போட்டுக்கொள். உன் வலது பக்கம்தான் உட்காருவேன், உனக்குக் கேட்கிற காதும் அந்தப் பக்கம்தானே? நான் தைத்திருக்கும் கறுப்பு உடுப்பில் பை கிடையாது. என் கொட்டைகளையும் உன் பையில்தான் போடுவேன்.

உன் தங்கை,
ரெமே